மீட்டர் 228 காட்டுகிறது, விளக்கு ஏன் மங்குகிறது?

கேள்வி: இருபது வருடப் பழைய வீடு. ஐந்து வருடத்துக்கு முன் பின்பக்கம் ஒரு சமையலறையும் ஓர் அறையும் சேர்த்துக் கட்டினோம். அந்தப் பகுதியில் ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது விளக்கு ஒரு கணம் மங்குகிறது. அயர்ன் பாக்ஸ் போட்டால் அது சூடேறும் நேரம் முழுக்க மங்கலாகவே எரிகிறது; நடுநடுவே படபடவென்று துடிக்கிறது. ஃபேன் வேகமும் குறைகிறது. முன்பக்கக் கூடத்தில் இந்த மங்கல் இல்லை. எல்இடி பல்பை மூன்று முறை மாற்றிவிட்டேன். எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்ட்டில் மீட்டர் வைத்துப் பார்த்து, "228 வோல்ட் வருது, ஒயரிங்ல குறை இல்ல, ஸ்டெபிலைசர் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாங்கலாமா? இன்னொன்று, பத்து நாளாகக் கூடத்தில் இரண்டு விளக்குகள் சில சமயம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிவதுபோலத் தெரிகிறது. எங்களுடையது த்ரீ ஃபேஸ் சப்ளை.

பதில்: ஸ்டெபிலைசர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குப் பிறகு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி இரண்டு வரிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

விளக்கு மங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. த்ரீ ஃபேஸ் வீட்டில் விளக்கு தானாகப் பளிச்சென்று எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மெயின் நியூட்ரலைத்தான். அது எங்கோ லூஸாகி, விட்டுப்போகத் தொடங்கியிருக்கலாம். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட். இந்த மூன்று ஃபேஸுக்கும் நடுப்புள்ளியை அசையாமல் பிடித்து வைத்திருப்பது நியூட்ரல். அது அறுந்துவிட்டால், ஒரு ஃபேஸில் உள்ள சாமான்களும் இன்னொரு ஃபேஸில் உள்ள சாமான்களும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே சீரியஸில் வந்து நிற்கும். ஒரு ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் மட்டும், இன்னொன்றில் 200 வாட் அளவுக்கு விளக்குகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 வோல்ட்டில் அயர்ன் பாக்ஸுக்குக் கிடைப்பது சுமார் 67. மீதி 333 வோல்ட்டும் விளக்குகள் மேல் விழும். அதிக லோடு இருக்கும் பக்கம் மங்கும், குறைந்த லோடு இருக்கும் பக்கம் எரிந்தே போகும். டிவி, சார்ஜர், ஃப்ரிட்ஜின் எலக்ட்ரானிக் போர்டு எதுவும் அந்த வோல்ட்டேஜைத் தாங்காது.

உங்கள் வீட்டில் நியூட்ரல் முழுதாக அறுந்திருக்க வாய்ப்பில்லை; அறுந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு முன்பே இரண்டொரு சாமான் புகைந்திருக்கும். லூஸாக இருக்கிறது, லோடைப் பொறுத்து ஒட்டுவதும் விலகுவதுமாக இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் லூஸான நியூட்ரல் தானாகச் சரியாகாது. ஒவ்வொரு முறையும் தொடுமிடம் கொஞ்சம் கரியும், கரிந்த இடம் இன்னும் சூடாகும்.

எனவே அடுத்த முறை பளிச்சென்று எரிவதைக் கண்ணால் பார்த்தால் அளந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மெயின் ஸ்விட்சை அணையுங்கள், ஃப்ரிட்ஜ், டிவி பிளக்குகளைப் பிடுங்குங்கள், மின் விநியோக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். "வோல்ட்டேஜ் ஏறி இறங்குது" என்று சொல்லாமல், "த்ரீ ஃபேஸ் சர்வீஸ், நியூட்ரல் லூஸ் என்று சந்தேகம், சில விளக்குகள் அதிகப் பிரகாசமாக எரிகின்றன" என்றே சொல்லுங்கள். அதன் அவசரம் அவர்களுக்குப் புரியும். கம்பத்தில் சர்வீஸ் வயர் சேருமிடம், மீட்டரின் டெர்மினல், அதற்கு முன்னால் உள்ள கட் அவுட் (ஃப்யூஸ் பெட்டி) எல்லாம் சீலுக்கு உட்பட்டவை. மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அங்கே கரன்ட் இருக்கும். அவற்றில் உங்கள் எலக்ட்ரீஷியனும் கை வைக்கக் கூடாது. குழாயையோ ஃப்ரிட்ஜ் கதவையோ தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் பழுது இன்னும் முற்றிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் உலோகச் சாமான் எதையும் தொட வேண்டாம்.

சந்தேகம் மட்டும்தான் என்றால், எலக்ட்ரீஷியனைக் கொண்டு டிபியில், அதாவது மெயின் கரன்ட் வீட்டின் பகுதிகளுக்குப் பிரியும் பெட்டியில், ஒரு சோதனை செய்யலாம். மூன்று ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு ஒரே ஒரு ஃபேஸில் மட்டும் பெரிய லோடு, ஒரு வாட்டர் ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ, போடட்டும். அந்த ஃபேஸ் இறங்குவது இயல்பு. மற்ற இரண்டும் ஒன்றிரண்டு வோல்ட் நகர்வதும் இயல்பு. அவற்றில் ஒன்று ஐந்து, பத்து என்று ஏறினால் நியூட்ரல்தான். அப்போதும் ஃபேஸுக்கு ஃபேஸ் அளந்தால் 400-ஐ ஒட்டியே நிற்கும். அதனால் அந்த அளவை வைத்து யாரும் ஏமாறக் கூடாது.

நியூட்ரல் வழியில் பழைய பீங்கான் ஃப்யூஸ் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருபது வருட வீடுகளில் இருப்பது உண்டு. நியூட்ரலில் ஃப்யூஸ் இருக்கவே கூடாது. அது கெட்டியான லிங்க்காக இருக்க வேண்டும். "நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு விளக்கு சரியாக எரியலாம். மெயின் நியூட்ரல் அறுந்த அன்று வீட்டிலுள்ள எல்லா உலோக உடல்களிலும் கரன்ட் நிற்கும்.

பளிச்சென்று எரிவது கூடத்தில் அல்லாமல் பின்பகுதிக்குள் மட்டும் என்றால் கதை வேறு. சேர்த்துக் கட்டும்போது பின்பகுதிக்கு இரண்டு வெவ்வேறு ஃபேஸ்களை இழுத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே நியூட்ரல் வயரை ஓட்டியிருப்பார்கள். வயர் மிச்சம் பிடிக்கிற வேலை. அந்தப் பொது நியூட்ரல் லூஸானாலும் இதே கூத்துதான், வீட்டுக்குள்ளேயே. சமையலறையின் ஒரு பாயின்ட்டின் ஃபேஸுக்கும் அறையின் ஒரு பாயின்ட்டின் ஃபேஸுக்கும் நடுவே எலக்ட்ரீஷியன் அளந்து பார்க்கட்டும். சுழியத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒரே ஃபேஸ். 400 வந்தால் இரண்டு ஃபேஸ். ஒவ்வொன்றுக்கும் தனி நியூட்ரல் இழுத்தே ஆக வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

எலக்ட்ரீஷியன் பார்த்த 228 வோல்ட் பொய் இல்லை. ஆனால் அது குழாயை மூடி வைத்துக்கொண்டு தண்ணீர் வேகம் பார்த்த மாதிரி. வயரில் வோல்ட்டேஜ் குறைவது கரன்ட் ஓடும்போதுதான். டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் அளவில் இருக்கும். அது இழுக்கும் கரன்ட் இல்லாததற்குச் சமம். வழியில் இரண்டு ஓம் ரெசிஸ்டன்ஸோடு ஒரு கரிந்த ஜாயின்ட் இருந்தாலும் மீட்டர் 228 என்றே காட்டும். அதே இடத்தில் அயர்ன் பாக்ஸைப் போட்டு அளந்தால் குட்டு வெளிப்படும். லோடு போடாமல் அளந்த வோல்ட்டேஜை வைத்து "ஒயரிங் சரி" என்று சொல்லவே முடியாது.

மீட்டர் எடுப்பதற்கு முன்பே உங்கள் கடிதத்தில் பாதி விடை இருக்கிறது. ஒரு சாமான் கரன்ட் இழுக்கும்போது எந்த வயர் வழியாக இழுக்கிறதோ அந்த வழியில்தான் வோல்ட்டேஜ் குறையும். அந்த வழியைப் பங்கு போட்டுக்கொள்ளும் விளக்குகள் மட்டுமே மங்கும். தெரு முழுக்க மங்கினால் பழுது வெளியே. உங்கள் வீடு முழுக்க மங்கினால் சர்வீஸ் வயரிலோ மெயினிலோ. ஒரே ஒரு விளக்கு மட்டும் என்றால் ஹோல்டர், ஸ்விட்ச், இல்லையென்றால் அந்த பல்பே. உங்களுக்குப் பின்பகுதி மட்டும் மங்குகிறது, கூடம் மங்கவில்லை. ஆகவே, இரண்டும் ஒரே ஃபேஸில் இருந்தால், இந்தப் பழுது கூடமும் பின்பகுதியும் டிபியில் பிரிகிற இடத்துக்கு அப்பால் இருக்கிறது.

மங்கும் விதமும் பேசும். ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் வழக்கமாக ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். ஒரு கண் சிமிட்டல், பிறகு பழையபடி. இது நல்ல ஒயரிங்கிலும் லேசாகத் தெரியும், தப்பில்லை. அயர்ன் பாக்ஸின் குட்டி விளக்கு எரியும்போது மங்கி, அது அணைந்ததும் சரியாகிறது என்றால் வழியில் ரெசிஸ்டன்ஸ் அதிகம். ஆனால் அயர்ன் பாக்ஸ் சூடேறிக்கொண்டிருக்கும்போதே விளக்கு படபடவென்று ஒழுங்கில்லாமல் துடிக்கிறது என்கிறீர்களே, அதற்கு மெல்லிய வயர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. மெல்லிய வயர் ஒரே சீராகத்தான் மங்க வைக்கும். துடிப்பு வருவது எங்கோ இரண்டு உலோகம் தொட்டும் தொடாமலும் பொறி விட்டுக்கொண்டிருக்கும்போது. விநாடிக்கு எட்டு ஒன்பது முறை நிகழும் துடிப்பைக் கண் மிக எளிதாகப் பிடித்துவிடும், குண்டு பல்பில் அரை வோல்ட் அளவு ஆட்டம்கூடத் தெரியும். அதனால் உங்கள் கண்ணை நம்புங்கள்.

எல்இடி பல்பை மாற்றிப் பார்த்தது தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. உள்ளே நல்ல டிரைவர் (கரன்ட்டைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள பல்ப், வோல்ட்டேஜ் நன்றாக இறங்கும்வரை மங்கலையே காட்டாது. மலிவான பல்ப் ஒவ்வொரு அசைவையும் காட்டிக்கொடுக்கும். இரண்டுமே வோல்ட்டேஜை அளக்க உதவாது. சோதனைக்கு ஒரு பழைய 60 வாட் குண்டு பல்ப் கிடைத்தால் ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அதன் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். அதற்கு மேல் ஒரு காட்டி வேண்டாம்.

இப்போது அளவு. நியூட்ரல் புகார் தீர்ந்த பிறகே இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எண்கள் தாறுமாறாக வரும். தேவையானவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 1000 வாட் அயர்ன் பாக்ஸ், பேப்பர், பேனா. மீட்டரில் கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று குறித்திருக்க வேண்டும். புரோப் வயரில் வெடிப்போ கிழிசலோ இருக்கக் கூடாது. பிளக் பாயின்ட்டில் நீங்களே அளக்கலாம். டிபி மூடியைத் திறந்து அளக்கும் பகுதி எலக்ட்ரீஷியனுக்கு.

பின்னறையில் அக்கம்பக்கமாக உள்ள இரண்டு சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அயர்ன் பாக்ஸ், மற்றதில் மீட்டர். அயர்ன் பாக்ஸ் ஓடும்போது ஒரு அளவு, ஓடாதபோது ஒரு அளவு. அதேபோல் டிபியிலும் இரண்டு அளவு: மெயின் ஐசோலேட்டருக்குள் (டிபியின் மெயின் ஸ்விட்ச்) வரும் இடத்தில் ஒன்று, பின்பகுதி எம்சிபியின் (கரன்ட் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்) வெளியேறும் பக்கத்துக்கும் நியூட்ரல் லிங்க்குக்கும் (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) நடுவே ஒன்று.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஓர் உதாரணம். லோடு இல்லாதபோது எல்லா இடத்திலும் 228. அயர்ன் பாக்ஸ் ஓடும்போது மெயினில் 226, எம்சிபிக்குப் பின் 225.6, பின்னறை சாக்கெட்டில் 213 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வெளியே போனது 2 வோல்ட், டிபிக்குள் போனது 0.4. இவை பிரச்சினையே இல்லை. டிபியிலிருந்து பின்னறைக்குள் 12.6 வோல்ட் தொலைந்திருக்கிறது. இதில் வயரின் நியாயமான பங்கு எவ்வளவு?

ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் மல்டி ஸ்ட்ராண்ட் (பல இழை) வயருக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 13.3 ஓம். இரண்டரை ஸ்கொயருக்கு 8 ஓம், நாலு ஸ்கொயருக்கு 5 ஓம், ஆறு ஸ்கொயருக்கு 3.3 ஓம். டிபியிலிருந்து பின்னறைக்கு வயர் போகும் தூரம் 25 மீட்டர் என்றால் ஃபேஸ் 25, நியூட்ரல் 25, ஆக 50 மீட்டர். இந்த இரட்டிப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பின்பகுதிக்கு ஓடுவது ஒன்றரை ஸ்கொயர் என்று வைத்துக்கொண்டால் அது 0.67 ஓம். அயர்ன் பாக்ஸ் அந்த வோல்ட்டேஜில் இழுப்பது 4 ஆம்பியர். வயரில் போக வேண்டியது 2.7 வோல்ட். வயர் சூடானால் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் ஏறும், 3 என்றே வையுங்கள். விளக்கு சர்க்யூட்டில் 3 சதவீதம், அதாவது 7 வோல்ட்வரை குறையலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு; மற்ற சர்க்யூட்டுகளுக்கு 5 சதவீதம், 11.5 வோல்ட். ஆக வயர் நிரபராதி. மீதி பத்து வோல்ட்டை ஏதோ ஒரு ஜாயின்ட் தின்கிறது.

பத்து வோல்ட், நாலு ஆம்பியர்: 40 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடப் பெரிய ஒன்று உங்கள் சுவருக்குள், ஒரு பட்டாணி அளவு இடத்தில், டேப் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அயர்ன் பாக்ஸுக்குப் பதில் 2000 வாட் ஹீட்டர் போட்டால் கரன்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு, சூடு நாலு மடங்கை நெருங்கும். எம்சிபி இதைக் கண்டுகொள்ளாது. ஓடும் கரன்ட் வழக்கத்தைவிடக் குறைவு, அது ஏன் விழ வேண்டும்? கரன்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபியும் விழாது, எர்த்துக்குக் கசிவு இல்லையே. லூஸ் ஜாயின்ட் தீப்பிடிப்பது இந்த இரண்டும் சும்மா இருக்கும்போதுதான்.

ஸ்டெபிலைசர் ஏன் வேண்டாம் என்பதும் இங்கேதான் வருகிறது. பின்னறையில் அதை வைத்தால் 213-ஐ 230 ஆக்கிக் கொடுக்கும், உண்மை. ஆனால் அதற்காக அது வயரிலிருந்து 4 ஆம்பியருக்குப் பதில் 4.7 ஆம்பியர் இழுக்கும். ஜாயின்ட்டில் சூடு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடும். விளக்கு பார்க்க நன்றாக எரியும், சுவருக்குள் இன்னும் வேகமாகக் கரியும். ஸ்டெபிலைசர் சரியான மருந்தாவது, உங்கள் லோடு எதுவும் ஓடாதபோதே மெயினில் வரும் வோல்ட்டேஜ் 207-க்குக் கீழே இருந்தால். உங்களுக்கு அந்த நோய் இல்லை. எம்சிபியைப் பெரிதாக்குவதும் அப்படித்தான்; எம்சிபி வயரைக் காப்பதற்கு, வோல்ட்டேஜைக் கூட்டுவதற்கல்ல. ஒன்றரை ஸ்கொயர் வயரில் 32 ஆம்பியர் எம்சிபி போட்டால் காவல்காரனைத் தூங்கச் சொன்ன மாதிரி.

ஜாயின்ட் ஃபேஸிலா நியூட்ரலிலா? சுவரைக் கிண்டாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். அயர்ன் பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் சாக்கெட்டின் நியூட்ரல் துளைக்கும் எர்த் துளைக்கும் நடுவே ஏசி வோல்ட் அளந்து பாருங்கள். எர்த் வயரில் கரன்ட் ஓடுவதில்லை, அதனால் அதில் எதுவும் குறையாது. மீட்டர் காட்டுவது நியூட்ரல் வழியில் மட்டும் தொலைந்த வோல்ட். லோடு இல்லாதபோது சுழியத்தை ஒட்டியும், அயர்ன் பாக்ஸோடு ஒன்றரை வோல்ட் அளவிலும் இருந்தால் நியூட்ரல் நன்றாக இருக்கிறது, தேட வேண்டியது ஃபேஸில். 11 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் நியூட்ரல் ஜாயின்ட்தான் குற்றவாளி. மீட்டரின் எண் நிலையாக நிற்காமல் 6, 11, 8 என்று ஆடினால், துடிப்பையே கண்ணால் பார்க்கிறீர்கள். எர்த் சரியாக இல்லாத வீட்டில் இந்த அளவுக்கு மதிப்பில்லை. அங்கே டிபியின் நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒரு நீள வயரை அறைவரை இழுத்து, அதற்கும் சாக்கெட்டின் நியூட்ரலுக்கும் நடுவே எலக்ட்ரீஷியன் அளக்க வேண்டும்.

ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது 50 வோல்ட் குறைந்தாலும் அதேபோல்தான் மினுக்கும். அது உதவுவது ஒரே சந்தர்ப்பத்தில்: சாமான் ஓடவில்லை, சாக்கெட்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது என்றால் நியூட்ரல் முழுதாக விட்டுப்போயிருக்கிறது.

தேட வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் சந்தேகம், பழைய வீட்டையும் புதுப் பகுதியையும் இணைத்த இடம். பெரும்பாலும் டிபியிலிருந்து தனியாக வயர் இழுக்காமல், கடைசி அறையின் ஸ்விட்ச் போர்டிலிருந்தோ கூரையோர ஜங்ஷன் பாக்ஸிலிருந்தோ லூப் எடுத்திருப்பார்கள். அடுத்தது, அயர்ன் பாக்ஸ் வழக்கமாகச் செருகும் அந்தச் சாக்கெட். பிளக் தளதளவென்று ஆடுகிறதா, பிடுங்கினால் பின் சூடாக இருக்கிறதா, பிளாஸ்டிக் மஞ்சள் பூத்திருக்கிறதா? கடைசியாக டிபியின் நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூக்கள். எம்சிபியையே சந்தேகப்பட்டால் லோடு ஓடும்போது அதன் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் நடுவே அளந்தால் போதும். ஒரு நல்ல 16 ஆம்பியர் எம்சிபியில் அது கால் வோல்ட்டைத் தாண்டாது; அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் மாற்றுங்கள்.

பாக்ஸைத் திறப்பதற்கு முன் எம்சிபி மட்டும் அல்ல, மெயின் ஐசோலேட்டரையும் அணைக்க வேண்டும். அணைத்ததும் மீட்டரை முதலில் தெரிந்த ஒரு லைவ் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றும் சுழியம் என்று உறுதி செய்துகொண்டு, மறுபடியும் லைவ் இடத்தில் மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். பொது நியூட்ரல் ஓட்டிய வீடுகளில் நியூட்ரல் வயரிலேயே ஷாக் அடிக்கலாம் என்பதால்தான் இந்த மெனக்கெடல்.

பழுதான ஜாயின்ட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும். டேப் விறைத்து, பசை உருகி ஒழுகி, பிரித்தால் பிஸ்கட் மாதிரி உடையும். உள்ளே காப்பர் செம்பு நிறம் போய்க் கறுத்திருக்கும். வயரின் மேலுறை இரண்டு மூன்று சென்டிமீட்டர்வரை கடினமாகியிருக்கும். வெறும் முறுக்கு, மேலே டேப், அவ்வளவுதான் ஜாயின்ட். அல்லது ஒரே ஸ்க்ரூவுக்கு அடியில் இரண்டரை ஸ்கொயரும் ஒன்றரை ஸ்கொயரும் சேர்ந்து கிடக்கும். தடித்ததை ஸ்க்ரூ பிடித்துக்கொள்ளும், மெல்லியது ஆடிக்கொண்டிருக்கும். மேலுறையைச் சரியாகச் சீவாமல் ஸ்க்ரூ பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்திருப்பதும், சீவும்போது இழைகளில் பாதியை வெட்டியிருப்பதும் சர்வ சாதாரணம்.

அதை ஸ்க்ரூவை இறுக்கிச் சரிசெய்யக் கூடாது. கறுத்த காப்பரை எவ்வளவு இறுக்கினாலும் கறுப்பு போகாது. மேலுறை மெத்தென்று இருக்கும் இடம்வரை வெட்டி, பளபளக்கும் காப்பர் தெரியச் சீவ வேண்டும், டெர்மினலுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர். நீளம் போதவில்லையென்றால் ஒட்டுப் போடாமல் அடுத்த பாக்ஸிலிருந்து புது வயர் இழுக்கச் சொல்லுங்கள். மல்டி ஸ்ட்ராண்ட் வயரின் நுனியில் அதன் அளவுக்கான பின் லக்கை (நுனியில் மாட்டும் உலோகக் குப்பி) வைத்து, கிரிம்பிங் டூலால் அழுத்த வேண்டும். கட்டிங் பிளையரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. நுனியில் ஈயம் வைத்துக் கெட்டியாக்கி ஸ்க்ரூவில் மாட்டுவதும் தவறு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக்கொடுக்கும், சில மாதத்தில் ஸ்க்ரூ மறுபடி லூஸ். ஒரு டெர்மினலுக்கு அதிகபட்சம் இரண்டு வயர், அதுவும் ஒரே அளவு. இறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். மூச்சைப் பிடித்து முறுக்கினால் மரை போய்விடும். எம்சிபியின் உடலிலேயே எவ்வளவு டார்க் (இறுக்கும் அளவு) என்று நியூட்டன் மீட்டரில் போட்டிருக்கும், வீட்டு எம்சிபிக்குப் பெரும்பாலும் 2-ஐ ஒட்டி.

வழியில் இணைத்தே தீர வேண்டும் என்றால் பீங்கான் கனெக்டரோ லீவர் கனெக்டரோ போட்டு, மூடி திறக்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸில் வையுங்கள். சிமென்ட்டுக்குள் புதைத்த ஜாயின்ட்டை அடுத்த முறை யார் தேடுவது? பழைய பகுதியில் அலுமினியம் வயர் இருந்தால் அதைக் காப்பரோடு நேராக முறுக்கவே கூடாது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரன்ட்டைக் கடத்தாது, இரண்டும் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும். அதற்கென்று உள்ள பைமெட்டல் லக் அல்லது கனெக்டர் தேவை.

ஜாயின்ட் சரியானதும் துடிப்பு நின்றுவிடும், மங்கலும் பெரும்பாலும் போய்விடும். ஃப்ரிட்ஜ் கிளம்பும்போதான சிமிட்டல் மட்டும் மிச்சம் இருக்கலாம், ஏனென்றால் விளக்கும் ஃப்ரிட்ஜும் இன்னும் ஒரே ஒன்றரை ஸ்கொயர் வழியில்தான் இருக்கின்றன. அதுவும் போக வேண்டுமென்றால் டிபியிலிருந்து பின்பகுதிக்கு இரண்டு சர்க்யூட்டாகப் பிரியுங்கள்: விளக்கு, ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர், 6 ஆம்பியர் எம்சிபி, சாக்கெட்டுகளுக்கு நாலு ஸ்கொயர், 16 ஆம்பியர் எம்சிபி. இரண்டுக்கும் தனித்தனி நியூட்ரல். இரண்டரை ஸ்கொயரே போதும் என்பார்கள். 16 ஆம்பியர் தாங்குவதற்குப் பொதுவாகப் போதும்தான். ஆனால் 25 மீட்டரில் அது 0.4 ஓம், நாலு ஸ்கொயர் 0.25 ஓம். பின்னால் இன்வெர்ட்டர் இல்லாத ஏசி ஒன்று வந்து, கிளம்பும்போது 40 ஆம்பியர் இழுத்தால், ஒன்றில் 16 வோல்ட் விழும், மற்றதில் 10. சுவரை ஒரு முறைதான் வெட்டப் போகிறீர்கள்.

எலக்ட்ரீஷியனைக் கிளம்ப விடுவதற்கு முன் அதே சாக்கெட், அதே அயர்ன் பாக்ஸ், அதே மீட்டரோடு மறுபடி அளந்துவிடுங்கள். பழைய வயரே தொடர்ந்தால், மெயினில் 226 இருக்கும்போது பின்னறையில் 222, 223 வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றரை வோல்ட் அளவில் நிற்க வேண்டும். பிறகு அயர்ன் பாக்ஸைக் கால் மணி நேரம் ஓட விட்டு, அது சூடாகி அடிக்கடி அணைந்துவிடாமல் இருக்க ஓர் ஈரத் துணியைத் தேய்த்துக்கொண்டே, ஜங்ஷன் பாக்ஸின் மூடியையும் சாக்கெட்டின் முகத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தாலோ, எண் 220-க்குக் கீழே இறங்கினாலோ, அதே வழியில் இன்னொரு ஜாயின்ட் மீதம் இருக்கிறது. அவரை உட்காரச் சொல்லுங்கள்.